காரைக்குடியிலிருந்து கோடைப் பாறையேற்றப் பயணம்: இருவருக்கான வழிகாட்டி

சித்திரை பிறந்ததும் செட்டிநாட்டு ஊரணிகள் வற்றத் தொடங்கிவிடுகின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு முகப்புத் திண்ணையில் கை வைத்தால் சுடுகிறது. பாறையேற்றத்துக்கு இதைவிடப் பொருந்தாத பருவம் இல்லை என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். கார்த்திகை முதல் மாசி வரை பாறை குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும்போதுதான் விரலும் காலணியின் ரப்பரும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் என் மனைவி பள்ளி ஆசிரியை. எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் கிடைப்பது கோடை விடுமுறையில் மட்டுமே என்பதால், காரைக்குடியில் காரை எடுத்து, கொல்லிமலை வழியாகக் கர்நாடகத்தின் ராமநகரம், சாவனதுர்கா வரை சென்று ஏறித் திரும்பும் பயணத்தைச் சில ஆண்டுகளாகக் கோடையிலேயே செய்துவருகிறோம். அதில் கற்றுக்கொண்டவற்றை, இருவராகப் புறப்பட நினைக்கும் நம் பக்கத்தவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கயிற்றில் ஏறும் அடிப்படைப் பயிற்சியை எந்தக் கட்டுரையாலும் தர முடியாது. டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனமும், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் தங்கள் அடிப்படைப் பயிற்சியிலேயே பாறையேற்றத்தைக் கற்றுத்தருகின்றன. அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள், பெங்களூரு போன்ற ஊர்களில் உள்ள செயற்கை ஏறுசுவர்களில் பயிற்சியாளரின் கண்பார்வையில் பல வாரங்கள் பழகிவிட்டுப் பிறகு இயற்கைப் பாறைக்குச் செல்லலாம். இருவரில் ஒருவர் மட்டும் கற்றிருந்தால் போதாது. கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவரின் வேலையைத்தான் பிலே என்கிறோம். மேலே இருப்பவரின் உயிர் அவர் கையில் இருக்கிறது.

நம் ஊர்ப் பாறைகளும் மலைகளும்

திருமயம், சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை என்று காரைக்குடியைச் சுற்றி ஒரு மணி, ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குள் நல்ல பாறைகள் நிறைய உண்டு. கையும் காலும் துறுதுறுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இவற்றில் ஏறக் கூடாது. திருமயத்துப் பாறையில் குடைவரைக் கோயில்களும் 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டையும் இருக்கின்றன. சித்தன்னவாசலில் சமணர் படுக்கைகளும் பிராமி எழுத்தும் ஓவியங்களும் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இத்தகைய இடங்களில் விரல் வியர்வைக்குப் பூசும் சாக்பொடியின் வெள்ளைக் கறையும், கயிற்றை மாட்டத் துளையிட்டு அடித்த போல்ட்டும் திருத்த முடியாத சேதங்கள். குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் வழிபாட்டுக்குரியவை என்பதால் அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

கால்களைப் பழக்குவதற்குச் சிங்கம்புணரி அருகே பிறான்மலை போதும். பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே, வாரம் ஒருமுறை விடியற்காலையில், முதுகில் எட்டு கிலோ சுமையுடன் நடைபாதை வழியாக உச்சிவரை சென்று திரும்பினால், ஏறுவதைவிட இறங்குவதில் முழங்கால் எவ்வளவு களைக்கிறது என்பது புரிந்துவிடும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பாரியின் பறம்புமலை இதுதான்; வழியில் நாம் இரவு தங்கப்போகும் கொல்லிமலையோ மற்றொரு வள்ளலான வல்வில் ஓரியின் மலை.

நிழலைப் பார்த்து நேரத்தை வகுத்தல்

கோடைப் பயணத்தில் எந்த வழியில் ஏறுவது என்பதைவிட எந்த மணிக்கு ஏறுவது என்பதே பெரிய கேள்வி. விரல் வியர்த்தால் சாக்பொடி சேறாகிவிடுகிறது. சூடேறிய பாறையில் காலணியின் ரப்பர் இளகிச் சறுக்குகிறது. மே மாதத்தில் ராமநகரப் பக்கத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் உதித்துவிடுவதால், நெற்றிவிளக்குடன் பாறையடிக்கு நடந்து சென்று, முதல் வெளிச்சத்தில் கயிற்றைக் கட்டி, ஒன்பதரை மணிக்கெல்லாம் இறங்கிவிடுவது எங்கள் வழக்கம். பிறகு மாலை நான்கரை வரை பாறையை மறந்துவிட வேண்டும்.

காலையில் மேற்கு நோக்கிய முகத்திலும் மாலையில் கிழக்கு நோக்கிய முகத்திலும் நிழல் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மாலையில் நிழல் விழுந்த பிறகும் பாறை பகல் முழுவதும் குடித்த வெப்பத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் உமிழ்ந்துகொண்டிருக்கும் என்பதால், இரண்டில் காலையே மேல். பலர் கவனிக்காத செய்தி தெற்கு நோக்கிய சுவரைப் பற்றியது. ராமநகரம் ஏறத்தாழ 12.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24-ஆம் தேதி வாக்கில் நண்பகல் சூரியன் அதற்கு நேர் உச்சியில் நிற்கும். அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை காலை முதல் மாலை வரை வடக்குப் பக்கமாகவே வானத்தைக் கடக்கும். எனவே மார்கழியில் காந்தும் அதே தெற்குச் சுவர், அது உண்மையிலேயே செங்குத்தாக இருந்தால், மே மாதத்தில் நாள் முழுவதும் நேர் வெயில் படாமல் இருக்கும். கைபேசியின் திசைகாட்டியை வைத்து, பாறை எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது என்பதை முதல் நாள் மாலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாய்பாறைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. உச்சி வெயில் அதன்மீது தோசைக்கல்லில் விழுவதுபோல் விழும். சாவனதுர்காவின் புகழ்பெற்ற வழிகளில் பெரும்பாலானவை சாய்பாறைகள் என்பதால், அங்கே விடியலில் தொடங்கி வெயிலுக்கு முன் முடிக்கக்கூடிய குறுகிய வழிகளை மட்டுமே கோடையில் தேர்ந்தெடுக்கிறோம்.

அக்கினி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீடிக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் புறப்பட்டு அதன் தொடக்கத்துக்குள் திரும்பிவிடுவது நல்லது. ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போட்டால் தென்மேற்குப் பருவமழை குறுக்கிடும்.

சாலை

காரைக்குடியிலிருந்து அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால், புதுக்கோட்டை, திருச்சி, நாமக்கல் வழியாக வெயில் ஏறுமுன் காரவள்ளிக்கு வந்துவிடலாம். அங்கிருந்து கொல்லிமலை உச்சிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலேறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதை இறங்கி வருபவர்கள் எல்லோரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பி, மெதுவாகத் திரும்புவதே பாதுகாப்பு. குமட்டல் வருபவர்கள் வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்; உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வது எங்கள் வீட்டு வைத்தியம்.

கொல்லிமலையில் நாங்கள் கயிற்றை எடுப்பதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. வனப்பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதோடு, காய்ந்த புல்லும் சருகும் நிறைந்த கோடைக் காட்டில் அது உண்மையான ஆபத்தும்கூட. இரவு அங்கே தங்கி, காலையில் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஏறினால் கால் நன்றாகத் தளர்ந்துவிடும். கோடையில் அருவி மெலிந்திருக்கும், படிகள் மெலிவதில்லை.

அடுத்த நாள் சேலம், தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் சென்று, அங்கிருந்து ஆனேக்கல், கனகபுரா வழியாக ராமநகரத்தை அடைகிறோம். பெங்களூருக்குள் நுழையாமல் போவதற்கு இந்தச் சுற்று வழி உதவும். மூன்று நாட்களை ராமநகரத்திலும் மாகடி அருகே 1,226 மீட்டர் உயரத்தில் நிற்கும் சாவனதுர்காவிலும் பகிர்ந்துகொள்கிறோம். இரண்டு இடங்களிலும் வனத்துறையின் அனுமதி எந்தப் பகுதிக்கு, எந்த நேரத்துக்குப் பொருந்துகிறது என்பதைப் புறப்படுமுன்பே விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் முறை செல்பவர்கள் அந்தப் பாறைகளை அறிந்த பெங்களூரு ஏறுநர்களோடு சேர்ந்து செல்வது எல்லா வகையிலும் நல்லது. ராமநகரத்தின் ராமதேவர பெட்டா 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம். அது ஏறுவதற்குரிய இடம் அன்று.

டிக்கியில் என்ன, எங்கே

60 மீட்டர் நீளமும் 9.5 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள டைனமிக் கயிறு ஒன்று இருவருக்குப் போதும். அதன் முனைப் பட்டையில் வட்டத்துக்குள் 1 என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஒற்றைக் கயிறாகப் பயன்படுத்தத் தக்கது என்பதற்கு அதுவே அடையாளம். விழுபவரை அதிர்ச்சியின்றித் தாங்குவதற்காக இந்தக் கயிறு நீண்டுகொடுக்கும்படி நெய்யப்பட்டது. தேர்வடம் எவ்வளவு தடித்திருந்தாலும் அதற்கு அந்தக் குணம் கிடையாது. இரும்புக் கடை நைலான் கயிறும் அப்படியே. 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டர் உயரத்திலிருந்து மட்டுமே ஒருவரைக் கீழே இறக்க முடியும் என்பதை மறந்து, கயிற்றின் கடைசி முனை, அதைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவி வழியாக நழுவிப் போனதால் நேர்ந்த விபத்துகள் உலகெங்கும் உண்டு. ஆகவே பையிலிருந்து கயிற்றை எடுத்தவுடன் கீழ்முனையில் ஒரு முடிச்சுப் போடுவதைச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதுபோல் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சாலைப் பயணத்தில் கயிற்றுக்குப் பெரிய எதிரி கார்தான். பேட்டரியின் அமிலமும் அதன் ஆவியும் நைலானைக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துவிடும். வெளியில் புதிதுபோல் தோன்றும் கயிறு உள்ளே வலுவிழந்திருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியையோ ஆசிட் பாட்டிலையோ என்றைக்காவது ஏற்றிய டிக்கியில் கயிற்றை நேரடியாகப் போடாதீர்கள். மூடியுள்ள தனிப் பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 பாகை செல்சியசையும் தாண்டிவிடுவதால், ஏறுகாலணிகளின் பசை விட்டுப்போகும். நாங்கள் கயிற்றையும் காலணிகளையும் தங்கும் அறைக்கே எடுத்துச் சென்றுவிடுகிறோம். வரவேற்பறையில் இருப்பவர்கள் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள்; பார்க்கட்டும்.

தலைக்கவசம், இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டையான ஹார்னஸ், திருகுப்பூட்டுள்ள உலோக வளையங்களான கேரபினர்கள், போல்ட்டில் கயிற்றை மாட்டும் பன்னிரண்டு குயிக்டிராக்கள், தானாகப் பூட்டிக்கொள்ள உதவும் பிலே கருவி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைப் பயிற்சியிலேயே அறிந்திருப்பீர்கள்.

உணவைப் பற்றி ஒரு சொல். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் என்று கட்டிக்கொண்டால் வழிக்குப் போதும். செட்டிநாட்டு வீட்டிலிருந்து புறப்படும் எவரும் தேன்குழலும் கைமுறுக்கும் மாவுருண்டையும் இல்லாமல் படி தாண்ட முடியாது என்பது தெரிந்ததே. அவற்றை ஏறி முடித்த பிறகு சாப்பிடுங்கள். விரலில் ஒட்டிய எண்ணெயும் நெய்யும் சாக்பொடிக்கு அடங்குவதில்லை. அதற்காகவே சிறு டப்பாவில் சீயக்காய்த் தூள் வைத்திருக்கிறோம்.

கயிற்றின் இரு முனைகள்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த பகுதி.

இரண்டாவது ஆண்டு பயணத்தில், மேலே பாறையில் பொருத்திய ஆங்கர் என்ற பிடிப்பின் வழியாகக் கயிறு திரும்பி வரும் டாப் ரோப் முறையில் என் மனைவி ஏறிக்கொண்டிருந்தார். பதினைந்து மீட்டர் உயரத்தில் கை தளர்ந்தபோது, கயிற்றைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, “இறுக்குங்க” என்று குரல் கொடுத்தார். காற்றில் எனக்கு அது “இறக்குங்க” என்று கேட்டது. ஏறுவதற்கு அவர் கையை நீட்டிய அதே கணத்தில் நான் கயிற்றைத் தளர்த்தி அவரை இரண்டு மீட்டர் கீழே இறக்கிவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பும் அன்று மாலை முழுவதும் நீடித்த மௌனமும் தவிர வேறு சேதமில்லை. ஆனால் எதிரெதிரான இரண்டு கட்டளைகள் தமிழில் ஓர் உயிரெழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன என்பதை நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எங்களுக்குள் சில சொற்களை நிலைப்படுத்திக்கொண்டோம். கயிற்றை இழுத்துப் பிடிக்க “தாங்கு”. கீழே விட “இறக்கு”. தொய்வு வேண்டுமானால் “கயிறு”. கல் உருண்டால், யார் தள்ளியதாக இருந்தாலும், தொண்டை கிழியக் “கல்லு”. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயரைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கயிற்றிலும் தமிழர்கள் இருக்கக்கூடும். இந்தச் சொற்களில் “ங்க” கிடையாது. வீட்டில் எப்படி மரியாதை கொடுத்துப் பேசினாலும், கயிற்றில் இருக்கும்போது சொல் குட்டையாக இருக்க வேண்டும் என்பதைக் காரிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். என் மனைவிக்கு முதலில் கூச்சமாக இருந்தது; இப்போது பாறையடிக்குப் போகும் முன்பே “ங்க” நின்றுவிடுகிறது.

ஏறுமுன் ஒவ்வொரு முறையும் ஒருவர் மற்றவரைச் சோதிக்க வேண்டும். ஹார்னஸின் இடுப்புப் பட்டையைக் கையால் இழுத்துப் பார்த்து, ஏறுபவரின் எட்டு வடிவ முடிச்சு ஹார்னஸின் சரியான இரு வளையங்களிலும் நுழைந்து முழுமையாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று கண்ணால் பின்தொடர்ந்து, பிலே கருவியில் கயிறு சரியான திசையில் ஓடுகிறதா, கேரபினரின் திருகு பூட்டியிருக்கிறதா, கயிற்றின் கீழ்முனையில் முடிச்சு இருக்கிறதா என்பது வரை பார்த்து முடித்த பிறகே ஏறுபவர் பாறையைத் தொட வேண்டும். தாம்பத்தியத்தில் இது சந்தேகப்படுவதாகத் தோன்றலாம். நீண்ட பயணத்தில் தூக்கம் கெட்டு, பேச்சு சலித்து, “நேற்று சரியாகத்தானே கட்டினோம்” என்று தோன்றும் நான்காம் நாள் காலையில்தான் இந்தச் சோதனை மிகவும் தேவைப்படும்.

எடை வேறுபாட்டையும் வெளிப்படையாகக் கணக்கில் எடுங்கள். நான் 74 கிலோ, மனைவி 51. கயிற்றை ஒவ்வொரு போல்ட்டிலும் மாட்டிக்கொண்டே முன்னால் ஏறும் நான் விழுந்தால் அவர் மேலே இழுக்கப்பட்டு முதல் போல்ட்டில் மோதக்கூடும். அதனால் அவர் பாறைக்கு அருகிலேயே நிற்கிறார். தேவைப்பட்டால் அவருடைய ஹார்னஸைப் பின்னாலுள்ள உறுதியான மரத்தில் சற்றுத் தளர்வாகக் கட்டிவிடுகிறோம். போல்ட்டுகளுக்கு இடையே தூரம் அதிகமுள்ள சாவனதுர்காவின் நீண்ட வழிகளில் நாங்கள் இருவர் மட்டும் ஏறுவதே இல்லை. அங்கே விழுந்தால் தொங்க மாட்டோம். தேய்ந்துகொண்டு நெடுந்தூரம் சரிவோம்.

தேனீயும் இடியும்

கோடை மலைத்தேனீக்களின் காலம். ஓங்கிய பாறைகளின் அடிவயிற்றில் கருமையாகத் தொங்கும் அடைகளைத் தொலைவிலிருந்தே தேடுங்கள். கண்டால் அந்த முகத்தையே விட்டுவிடுங்கள். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் ஆகாது. கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது என்பதால், தேனீ எழும்பினால் கேள்வி கேட்காமல் அவரை உடனே இறக்குவதே கீழே நிற்பவரின் வேலை. அந்திக்குப் பிறகு பாறையடியில் தங்கவும் வேண்டாம். ராமநகரச் சுற்றுவட்டாரத்தில் கரடியும் சிறுத்தையும் உண்டு.

சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் திடீரென்று இடிமழை வரும். மின்னலைக் கண்டு இடியைக் கேட்பதற்குள் முப்பது எண்ணி முடியவில்லையென்றால், இடி பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உச்சியையும் தனிமரத்தையும் விட்டு இறங்கிக் காருக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். நனைந்த சாய்பாறை முட்டை வெள்ளைக் கலவை பூசிய செட்டிநாட்டுச் சுவரைப்போல் வழுக்கும். அன்றைய ஏற்றம் அதோடு முடிந்தது என்று கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் 108 எண் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆம்புலன்ஸுக்குப் பயன்படும், ஆனால் பாறையடியில் சிக்னல் இருக்கும் என்று நம்பாமல், எங்கே கிடைக்கிறது என்பதை நடந்து போகும்போதே பார்த்து வையுங்கள்.

திரும்பும் வழி

கடைசி நாளில் ஏறிவிட்டு அன்றே காரைக்குடிக்கு ஓட்டி வர முயலாதீர்கள். போகும்போது ஏற்றமாக இருந்த தொப்பூர் கணவாய் வரும்போது நெடிய இறக்கம். விபத்துகளுக்குப் பேர்போன அந்தச் சாலையில், சுமையேற்றிய லாரிகளுக்கு இடையே, களைத்த கையும் தூக்கக் கண்ணுமாக இறங்குவது பாறையில் விழுவதைவிட மோசமானது. ஓர் இரவு கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ உறங்கி எழுந்து, தாழ்ந்த கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்து இறங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றைப் பச்சைத் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரோ சலவைத் தூளோ சேர்க்காமல் அலசி, வெயில் படாத இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு நாட்கள் உலர விடுங்கள். உலர்ந்த பிறகு முழு நீளத்தையும் விரல்களுக்கு இடையே ஓடவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். எங்கேனும் தட்டையாகவோ குழைவாகவோ உணர்ந்தால், அது முனைக்கு அருகில் இருக்கும்பட்சத்தில் அந்தத் துண்டை வெட்டி எறியலாம். நடுவில் இருந்தால் கயிற்றையே விட்டுவிட வேண்டும். வெட்டினால் புதிய நீளத்தையும் அதில் பாதியையும் கயிற்றுப் பையின்மேல் பெரிதாக எழுதி வையுங்கள்; அடுத்த கோடையில் 60 மீட்டர் என்ற நினைப்பில் அதை எடுத்துச் சென்றுவிடக் கூடாது.